வாங்கிய இணைப்பைத் திருப்பிக் கொடுப்போம்

இன்று கணிப்பொறி நுழையாத துறை இல்லை. தேர்வு முடிவைப் பார்க்கவும், இரயில் பயணச்சீட்டைப் பதிவு செய்யவும், மின் கட்டணம் செலுத்தவும் நாம் ஏதேனும் ஓர் இணையதளத்தையே நாடுகிறோம். சில வேளைகளில் அத்தளம் திடீரென்று மௌனம் சாதிக்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னர், 'சற்று நேரம் கழித்து முயலவும்' என்ற அறிவிப்பு வருகிறது. கூட்டம் அதிகம் போலும் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். பல நேரங்களில் அது உண்மையே. ஆனால் கூட்டமே இல்லாத நள்ளிரவிலும் சில தளங்கள் இவ்வாறு நின்றுவிடுவதுண்டு. வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதால் வரும் நோய் அது. அந்நோயின் காரணம் என்ன, அதைக் கண்டுபிடிப்பது எங்ஙனம், தீர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இணைப்பு என்றால் என்ன?

ஓர் இணையதளத்தின் பின்னால் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, நம் கேள்வியை வாங்கிப் பதிலைத் தயாரித்துத் தரும் வலைச் செயலி. மற்றொன்று, விவரங்களை எல்லாம் அடுக்கிப் பாதுகாத்து வைத்திருக்கும் தரவுத்தளம். செயலி சமையல் செய்பவர் என்றால், தரவுத்தளம் பொருள் வைத்திருக்கும் களஞ்சிய அறை எனலாம். செயலிக்கு ஒரு விவரம் வேண்டுமானால் முதலில் தரவுத்தளத்துடன் ஓர் இணைப்பை ஏற்படுத்திக் கொள்ள வேண்டும். அதன் வழியாகவே கேள்வி போகும், பதில் வரும்.

விவரங்களை அட்டவணைகளாக அமைத்துக் கையாளும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார். அம்முறையைப் பின்பற்றும் தரவுத்தளங்களுள் போஸ்ட்கிரெஸ் என்பது புகழ் பெற்றது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்பவர் தலைமையில் அதன் பணி தொடங்கியது. இன்று அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நம் விளக்கத்திற்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்பிற்கும் தனியாக ஒரு பணியாளை அமர்த்துகிறது. கணிப்பொறியின் மொழியில் இதனைத் தனிச் செயல்முறை என்பர். அப்பணியாளுக்கு நினைவகத்தில் இடம் வேண்டும். ஆகவே எத்தனை இணைப்பு வேண்டுமானாலும் தர இயலாது. நாம் எதையும் மாற்றாவிட்டால் மொத்தம் 100 இணைப்புகளே வழக்கமான வரம்பு. அவற்றிலும் 3 இடங்கள் தலைமைப் பொறுப்பாளருக்கென்று ஒதுக்கப்பட்டவை. மற்றவர்க்கு மீதம் 97. மை எஸ்.கியூ.எல். என்ற மற்றொரு தரவுத்தளத்தில் இவ்வரம்பு 151. அது பொறுப்பாளருக்காக இன்னும் ஓர் இடத்தைத் தனியே வைத்திருக்கிறது. இடம் நிரம்பிய பின் வருபவரிடம் போஸ்ட்கிரெஸ், 'மன்னிக்கவும், ஏற்கெனவே மிகப் பலர் வந்துவிட்டனர்' என்ற பொருளில் பணிவாகச் சொல்லிக் கதவை அடைத்துவிடும்!

பத்துப் பியூரெட்டுகள்

ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக ஓர் இணைப்பை ஏற்படுத்திப் பின் அறுப்பது நேரத்தை வீணாக்கும். எனவே செயலிகள் சில இணைப்புகளை முன்கூட்டியே ஏற்படுத்தி ஒரு தொகுப்பாக வைத்துக் கொள்கின்றன. தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் தொகுப்பிலேயே வைத்துவிட வேண்டும்.

நம் வேதியியல் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 10 பியூரெட்டுகள் உள்ளன என்போம். மாணவியர் நாற்பது பேர். ஒருத்தி வாங்கிச் சோதனையை முடித்து, கழுவித் திருப்பிக் கொடுத்தால், அடுத்தவளுக்கு அது கிடைக்கும். இப்படி மாறி மாறிப் பயன்படுத்தினால் 10 பியூரெட்டுகளே நாற்பது பேருக்கும் போதும். ஆனால் சோதனை நடுவில் ஒருத்தியின் குடுவை உடைந்து, அவள் பதறி வெளியே போய்விட்டால்? பியூரெட் மேசையிலேயே நிற்கும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் யாருக்கும் அது கிடைக்காது. இவ்வாறு பத்துப் பேர் போய்விட்டால், பதினோராவது மாணவி ஒரு குற்றமும் செய்யாமலேயே வெறுங்கையுடன் நிற்பாள்.

ஜாவா மொழிச் செயலிகள் பலவற்றில் பயன்படும் ஹிகாரி என்ற தொகுப்பானிலும் வழக்கமான எண்ணிக்கை 10 தான். ஹிகாரி என்பது ஒளி என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். பத்தும் வெளியே போயிருந்தால் அது அடுத்தவரை 30 விநாடிகள் காக்க வைக்கும். அதற்குள் ஒன்றேனும் திரும்பாவிட்டால் பிழை அறிவிப்புத் தரும். நம் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தின் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

தவறு நுழையும் வழி

ஓர் உதாரணம் காண்போம். ஒரு பள்ளி நூலகத்திற்காக ஒரு சிறு செயலி எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவி நூலின் எண்ணைத் தட்டினால் அவள் பெயரில் அந்நூல் பதிவாக வேண்டும். நிரலில் ஐந்து படிகள் உள்ளன.

1. தொகுப்பிலிருந்து ஓர் இணைப்பை எடு.
2. அந்த எண்ணுள்ள நூலைத் தேடு.
3. நூல் இல்லையெனில், 'அப்படி ஒரு நூல் இல்லை' என்று சொல்லி வெளியேறு.
4. மாணவியின் பெயரில் நூலைப் பதிவு செய்.
5. இணைப்பைத் திருப்பிக் கொடு.

படிப்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது, அல்லவா? சரியான எண்களைக் கொடுத்து ஆயிரம் முறை சோதித்தாலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் மூன்றாம் படியைக் கூர்ந்து நோக்குங்கள். தவறான எண்ணைத் தட்டியவளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. நிரல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஐந்தாம் படிக்கு அது போவதே இல்லை! ஒரு தவறான எண்ணுக்கு ஓர் இணைப்பு வீதம் தொகுப்பு வற்றுகிறது. பத்தாவது தவறான எண்ணோடு நூலகமே நின்றுவிடுகிறது. அதன் பின் சரியான எண்ணைத் தட்டுபவளுக்கும் நூல் கிடைக்காது.

நாளொன்றுக்கு இரண்டு பேர் எண்ணைத் தவறாகத் தட்டுகிறார்கள் என்றால், திங்கட்கிழமை தொடங்கிய செயலி வெள்ளிக்கிழமை மாலையில் முடங்கும். ஒருவர் வந்து அதை நிறுத்தி மீண்டும் தொடங்குவார். எல்லா இணைப்புகளும் விடுபட்டுச் செயலி நன்றாக ஓடும். 'சரியாகிவிட்டது' என்று அனைவரும் மகிழ்வர். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கதை தொடரும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது இது. சூடு சற்றுத் தணியும், நோய் போகாது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

இணைப்புகள் தீர்ந்துபோவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மருத்துவர் நாடி பார்ப்பது போல, எது காரணம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதலாவது, உண்மையான கூட்டம். மக்கள் வருகை ஏறும்போது இணைப்புகளின் எண்ணிக்கை ஏறும். வருகை குறைந்தால் தானே குறையும்.

இரண்டாவது, கணக்குப் பிழை. நான்கு கணிப்பொறிகள், ஒவ்வொன்றிலும் செயலியின் மூன்று பிரதிகள், ஒவ்வொரு பிரதிக்கும் 10 இணைப்புகள் என்றால் மொத்தம் 120. தரவுத்தளத்தில் இருப்பதோ 97 இடங்கள். யாரும் எதையும் மறக்காமலேயே இடம் போதாமல் போகும்.

மூன்றாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கசிவு. இதன் அடையாளம், மாடிப்படி போல எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது. நள்ளிரவில் எல்லாரும் உறங்கும் நேரத்திலும் அது இறங்காது. செயலியை நிறுத்தித் தொடங்கினால் மட்டுமே இறங்கும்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டுவோம்

கசிவு என்று ஐயம் வந்தால் எங்கே பார்ப்பது? போஸ்ட்கிரெஸ் தன்னிடம் வந்துள்ள ஒவ்வோர் இணைப்பையும் பற்றி ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்பது அதன் பெயர். மை எஸ்.கியூ.எல்.லில் ஷோ பிராசஸ்லிஸ்ட் என்ற கட்டளை இத்தகைய பட்டியலைத் தரும். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் நாம் ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்: இணைப்பின் எண், வந்தவர் யார், அவர் இப்போது இருக்கும் நிலை, அந்நிலைக்கு வந்த நேரம், அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி.

நிலைகளுள் மூன்று முக்கியமானவை. 'ஆக்டிவ்' என்றால் வேலை நடக்கிறது. பெரும்பாலான இணைப்புகள் நெடுநேரமாக இந்நிலையிலேயே இருந்தால், கசிவை விட்டுவிட்டு, மெதுவாக ஓடும் கேள்வி எது என்று தேட வேண்டும். 'ஐடில்' என்றால் சும்மா இருக்கிறது. தொகுப்பில் ஓய்வெடுக்கும் இணைப்பும் இப்படித்தான் தெரியும் என்பதால், இதைக் கண்டவுடன் குற்றம் சாட்டக் கூடாது. 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்பதே கவலைக்குரியது. ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டு, முடிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை என்பது இதன் பொருள். இந்நிலையில் நெடுநேரம் நிற்கும் இணைப்பு, தான் பூட்டிய வரிசைகளைப் பிறர் மாற்ற முடியாதபடி பிடித்து வைத்திருக்கும். தரவுத்தளம் தன் பழைய குப்பையைப் பெருக்குவதற்கும் அது தடையாக நிற்கும்.

நம் நூலக உதாரணத்தில் பதிவேட்டைப் பார்த்தால் என்ன தெரியும்? பத்து வரிகள். பத்தும் சும்மா இருக்கின்றன. பத்திலும் கடைசிக் கேள்வி ஒன்றே: 'இந்த எண்ணுள்ள நூலைத் தேடு.' பதிவு செய்யும் நான்காம் படியின் கேள்வி ஒன்றில்கூட இல்லை. ஆகவே, தேடிய பிறகு, பதிவு செய்வதற்கு முன்பு ஏதோ நடந்திருக்கிறது என்று தெளிவாகிறது. அந்த வாக்கியத்தை நிரலில் தேடிப் போனால் மூன்றாம் படியில் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தரவுத்தளத்தின் கண்ணுக்குப் பத்து இணைப்புகள் ஒரு பொருட்டே அல்ல. அதன் 97 இடங்களில் 87 காலியாகவே உள்ளன. தரவுத்தளப் பொறுப்பாளர், 'எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை' என்பார். அவர் சொல்வது உண்மையே. வற்றியது செயலியின் தொகுப்பு. எனவே இரு பக்கத்துக் கணக்கையும் பார்க்காமல் முடிவு கட்டலாகாது. ஹிகாரியில் இதற்கென ஒரு வசதி உண்டு. எடுத்த இணைப்பு குறிப்பிட்ட நேரத்திற்குள் திரும்பாவிட்டால், அதை எடுத்தது நிரலின் எந்த இடம் என்பதை அது குறிப்பேட்டில் எழுதிவிடும். நாம் நேரம் குறித்துக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். பியூரெட் வாங்கியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளர் போன்றது அது.

மறைந்து நிற்கும் வேறு காரணங்கள்

எல்லாக் கசிவுகளும் இவ்வளவு எளிதில் அகப்படா. பைத்தான் மொழியில் சைக்காப்ஜி 2 என்ற கருவி உண்டு. அதில் 'வித்' என்ற சொல்லோடு இணைப்பைப் பயன்படுத்தினால், அப்பகுதி முடிந்ததும் இணைப்பு மூடப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அங்கே தொடங்கிய காரியம் மட்டுமே முடித்து வைக்கப்படும்; இணைப்பு திறந்தே இருக்கும். அதற்குப் பின் வந்த சைக்காப்ஜி 3இல்தான் இணைப்பும் மூடப்படுகிறது. ஒரே சொல், இரண்டு பொருள்! கருவியோடு வரும் விளக்க நூலைப் படிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதுவே சான்று.

ஜாங்கோ என்னும் சட்டகம் ஒவ்வொரு வேண்டுகோளும் முடிந்தவுடன், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை, இணைப்பைத் தானே மூடிவிடும். ஆனால் பின்னணியில் ஓடுவதற்கென்று நாமே ஓர் இழையைத் தொடங்கினால் அதற்கு வேண்டுகோள் என்பதே கிடையாது. ஆகவே அங்கே மூடும் பொறுப்பு நம்முடையதாகிறது.

மற்றொரு காரணம் மின்தடை. செயலி ஓடும் கணிப்பொறி திடீரென்று அணைந்து போனால், 'போய் வருகிறேன்' என்று சொல்லவும் அதற்கு நேரமிருக்காது. தரவுத்தளமோ அது இன்னும் மறுமுனையில் இருப்பதாகவே எண்ணிக் காத்திருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில், ஓசையற்ற இணைப்பை 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் பொறுத்த பின்னரே, 'இருக்கிறீர்களா?' என்று அது விசாரிக்கும். பதில் இல்லையெனில் 75 விநாடி இடைவெளியில் ஒன்பது முறை கேட்டுவிட்டுப் பின்புதான் கைவிடும். மொத்தத்தில் ஏறக்குறைய 2 மணி 11 நிமிடம் ஆகும். இந்நேரங்களைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு.

மருந்தும் பத்தியமும்

தளம் நின்று போய், மக்கள் காத்திருக்கும் வேளையில் செய்ய வேண்டிய முதலுதவி, கசிந்த இணைப்புகளை அறுப்பது. போஸ்ட்கிரெஸில் இதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, நடக்கும் கேள்வியை மட்டும் நிறுத்தும். மற்றொன்று இணைப்பையே முடித்து வைக்கும். இரண்டாவதைப் பயன்படுத்துமுன் பதிவேட்டை ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். பாதியில் நிற்கும் காரியம் ஏதேனும் அவ்விணைப்பில் இருந்தால், அதில் அதுவரை செய்த மாற்றங்கள் அனைத்தும் இரத்தாகிவிடும். அது ஓர் இரத்த வங்கியின் இருப்புக் கணக்காக இருக்கலாம். ஓர் ஏழை மாணவியின் உதவித்தொகை விண்ணப்பமாக இருக்கலாம். பதிவேட்டில் நமக்கு ஓர் எண்தான் தெரிகிறது. அந்த எண்ணுக்கு அப்பால் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார் என்பதை மறத்தலாகாது. நிலை என்ன, எத்தனை நேரமாக, கடைசிக் கேள்வி என்ன என்ற மூன்றையும் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். அறுக்குமுன் பட்டியலைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதும் நலம். அறுத்த பின் சான்று அழிந்துவிடும். சான்று இல்லாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது அரிது.

வரம்பை 100இலிருந்து 500ஆக உயர்த்துவது சிலர் சொல்லும் மருந்து. ஓட்டைக் குடத்திற்குப் பதிலாகப் பெரிய ஓட்டைக் குடத்தை வைப்பது போன்றது இது. நிற்கும் நாள் தள்ளிப் போகுமே தவிர, நிற்காமல் இராது. மேலும் ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தை உண்பதால் தரவுத்தளமே தளர்ந்துவிடக் கூடும்.

உண்மையான மருந்து நிரலில்தான் உள்ளது. காரியம் வெற்றி பெற்றாலும், தோற்றாலும், நடுவில் எந்தப் பிழை நேர்ந்தாலும் இணைப்பு திரும்பியே தீர வேண்டும். இதற்காகவே மொழிகளில் தனி அமைப்புகள் உள்ளன. பைத்தானிலும் ஜாவாவிலும் 'ஃபைனலி' என்ற பகுதியில் எழுதியது எவ்வழியாக வெளியேறினாலும் நடைபெறும். ஜாவாவில் 2011ஆம் ஆண்டு வந்த 7ஆம் பதிப்பு முதல், எடுக்கும் இடத்திலேயே 'இப்பகுதி முடிந்ததும் மூடிவிடு' என்று சொல்லிவிடலாம். நம் நூலகச் செயலியில் ஐந்தாம் படியை அத்தகைய பகுதிக்குள் வைத்துவிட்டால் போதும். மூன்றாம் படி எத்தனை முறை வெளியேறினாலும் கவலையில்லை.

இதற்கு மேல் காவலாகச் சில நேர வரம்புகளையும் வைக்கலாம். காரியத்தைப் பாதியில் விட்டு நிற்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் தானே முடிக்கும் வசதி, 2016இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் உள்ளது. வெறுமனே சும்மா இருப்பதை முடிக்கும் வசதி 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் சேர்ந்தது. இரண்டையும் நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். தொகுப்பில் ஓய்வெடுக்கும் நல்ல இணைப்புகளையும் இரண்டாவது அறுத்துவிடும் என்பதால் அதை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும்.

ஓர் எளிய சோதனை

செயலி எழுதும் தோழியர் யாவரும் செய்து பார்க்கக் கூடிய சோதனை ஒன்று உண்டு. தொடங்குமுன் வெளியே போயிருக்கும் இணைப்புகளை எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். பின் நூறு வேண்டுகோள்களை அனுப்புங்கள். அவற்றுள் ஐம்பது வேண்டுமென்றே தவறானவையாக இருக்கட்டும்: இல்லாத எண், வெற்றிடம், எண்ணுக்குப் பதில் எழுத்து, பாதியில் மூடிய திரை. எல்லாம் ஓய்ந்த பின் மீண்டும் எண்ணுங்கள். முதலில் இருந்த எண்ணே வந்தால் நலம். ஒன்றே ஒன்று கூடியிருந்தாலும் கசிவு உள்ளது என்று தேடத் தொடங்குங்கள். 'ஒன்றுதானே' என்று விட்டுவிடாதீர்கள். சிறு துளி பெரு வெள்ளம் என்ற பழமொழி நன்மைக்கு மட்டும் உரியதன்று.

நம்முள் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்லக் கூடும். நாம் எழுதும் நிரலைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நம்மைக் காணப் போவதில்லை. நாமும் அவர்களைக் காணப் போவதில்லை. தவறான எண்ணைத் தட்டியவளுக்கு அன்று உடனே பதில் கிடைத்தது. பதினோராவதாக வந்தவளே காத்திருந்தாள். அந்தப் பதினோராவது மாணவியை நினைத்து நிரல் எழுதுவோமாக!